100 மில்லிவாட் எஃப்.எம்: உரிமம் வேண்டாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மகன் கிறிஸ்துமஸுக்கு வீட்டு வாசலில் விளக்கு அலங்காரம் செய்கிறான். காரில் வந்து பார்ப்பவர்கள் தங்கள் ரேடியோவிலேயே பாட்டுக் கேட்க, இணையத்தில் சிறிய எஃப்.எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கியிருக்கிறான். 100 மில்லிவாட்தான், உரிமம் தேவையில்லை என்கிறான். சரியா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: சரியல்ல. 100 மில்லிவாட் என்ற வரம்பு அந்நாட்டு விதிகளில் இருப்பது உண்மைதான். ஆனால் அது ஏ.எம் ஒலிபரப்புக்கு உரியது. அங்கும்கூட ஆன்டெனா, அதற்குச் செல்லும் கம்பி, எர்த் கம்பி எல்லாம் சேர்ந்து 3 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை உண்டு.

உரிமமின்றி இயக்கும் எஃப்.எம்முக்கு வாட் கணக்கே கிடையாது. தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி வகுத்த விதிகளின் 15ஆம் பகுதி, 3 மீட்டர் தொலைவில் அளக்கும்போது அலையின் வலிமை மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் இது ஏறத்தாழ 20 நானோவாட். 100 மில்லிவாட் என்பது அதைப் போல் சுமார் 50 லட்சம் மடங்கு! அனுமதிக்கப்பட்ட அளவில் ஒலி சுமார் 200 அடி வரை கேட்கும். வாசலில் நிற்கும் கார்களுக்கு அது தாராளமாகப் போதும்.

இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று தோன்றலாம். தேவை என்பதே என் கருத்து. எஃப்.எம் வரிசை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதற்கு அடுத்தே விமானங்களுக்கு வழிகாட்டும் அலைவரிசைகள் தொடங்குகின்றன. சரியான வடிகட்டி இல்லாத மலிவான கருவி, தனக்குரிய எல்லையை மீறி அங்கும் அலைகளைச் சிந்தக்கூடும். வரம்புக்குள் இயங்கும் கருவியே ஆனாலும், உரிமம் பெற்ற நிலையத்துக்கு இடையூறு செய்தால் அதை நிறுத்திவிட வேண்டும்.

2020ஆம் ஆண்டில் வந்த சட்டம், உரிமமின்றித் தெரிந்தே ஒலிபரப்புவோருக்கு நாளொன்றுக்கு 1 லட்சம் டாலர் வரை, மொத்தத்தில் 20 லட்சம் டாலர் வரை அபராதம் விதிக்க வழி செய்தது. 15ஆம் பகுதிக்கு உட்பட்டு இயங்குவோரை அச்சட்டம் தொடுவதில்லை. 100 வாட் வரையிலான குறைதிறன் எஃப்.எம் உரிமம் ஒன்றும் உண்டு என்றாலும், அது லாப நோக்கற்ற அமைப்புகளுக்கே தவிர தனிநபருக்குக் கிடைக்காது.

ஆகவே உங்கள் மகன் அந்தக் கருவியை இயக்காமல் வைத்துவிட்டு, 15ஆம் பகுதியின் கீழ் எஃப்.சி.சி சான்று பெற்ற வேறொன்றை வாங்குவதே நல்லது. விற்பவர் இணையத்தில் எழுதியிருப்பதை நம்பாமல், கருவியின் மேல் எஃப்.சி.சி அடையாள எண் இருக்கிறதா என்றும், அந்த எண் ஆணையத்தின் இணையதளத்தில் அதே கருவியைத்தான் காட்டுகிறதா என்றும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.