விக்ஸா, வேர்செலா? பாசிக்குடா விடுதிக்கு எது சரி?

கேள்வி: பாசிக்குடாவில் நாலு அறை கொண்ட சிறிய விடுதி நடத்துகிறேன். சொந்தமாக ஓர் இணையத்தளம் வேண்டும். விக்ஸில் நீங்களே செய்யலாம் என்கிறார் நண்பர். வந்தாறுமூலையில் கணினி படிக்கும் அக்கா மகனோ, “காசு எதற்கு மாமா, வேர்செலில் இலவசமாகப் போட்டுத் தருகிறேன்” என்கிறான். எதை எடுப்பது?

பதில்: விக்ஸில் நிரல் எழுதாமல் நீங்களே தளம் கட்டலாம். வேர்செல் என்பது ஒருவர் நிரல் எழுதிக் கட்டிய தளத்தை இணையத்தில் வைத்துத் தரும் சேவை. முதலில் அந்த இலவசத்தைப் பார்ப்போம். வேர்செலின் இலவசத் திட்டம் வணிகம் சாராத சொந்தப் பாவனைக்கு மட்டும். அறை வாடகைக்கு விடும் தளம் என்றால் விதிப்படி மாதம் 20 டொலர் திட்டத்துக்குப் போக வேண்டும். மருமகன் இதைக் கவனித்திருக்க மாட்டார், பலரும் கவனிப்பதில்லை. அவர்தான் செய்வதென்றால் அதே மாதிரிச் சேவையான கிளவுட்ஃபிளேர் பேஜஸில் போடச் சொல்லுங்கள், அங்கே வணிகத் தளத்தையும் இலவசமாக வைக்கலாம். விக்ஸின் இலவசத் திட்டமும் உங்களுக்கு உதவாது: விக்ஸ் விளம்பரம் தெரியும், உங்கள் சொந்த இணைய முகவரியை இணைக்க முடியாது.

காசை விடுங்கள். தளம் எழும்பிய பிறகு அதில் கை வைக்கப்போவது யார்? கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை ஒரு விலை, மாரியில் வேறு விலை, நீண்ட விடுமுறை வந்தால் இன்னொன்று. விக்ஸில் உள்ளே போய், பழைய விலையைச் சொடுக்கி, புதியதை எழுதி வெளியிட்டால் முடிந்தது. மருமகன் கட்டும் தளத்தில் பக்கம் என்பது ஒரு கோப்பு. அதில் இலக்கத்தை மாற்றி அவர் கிட்ஹப் என்ற, நிரல் கோப்புகளைச் சேமிக்கும் தளத்துக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் தளம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அவருக்கு அது இரண்டு நிமிட வேலைதான். பரீட்சை நேரத்தில்? படித்து முடித்துக் கட்டாருக்குப் போய்விட்டால்?

ஆகவே நீங்களே பார்த்துக்கொள்வதானால் விக்ஸின் கட்டணத் திட்டத்தை எடுங்கள். அதன் பெரிய குறை, பின்னால் வேண்டாம் என்றாலும் தளத்தை அப்படியே தூக்கி வேறிடத்தில் வைக்க முடியாது. புதிதாகத்தான் கட்ட வேண்டும். நாலு அறை விடுதிக்கு இது பெரிய இழப்பில்லை. படங்களும் எழுத்தும் தனியாக உங்களிடம் ஒரு பிரதி இருந்தால் போதும். நூறு அறை ஹோட்டல் என்றால் வேறு கதை.

எதை எடுத்தாலும் தளத்தின் முகவரியை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள். மருமகன் பெயரில் வேண்டாம், எவ்வளவு நல்ல பிள்ளையானாலும். முகவரி உங்கள் கையில் இருந்தால் தளம் எங்கே மாறினாலும் வாசல் பலகையை மாற்ற வேண்டி வராது.

முன்பதிவுக்கு இப்போதைக்கு ஒரு வட்ஸ்அப் பொத்தான் போதும். அதில் எண்ணைப் போடும்போது முன்னால் இருக்கும் 0-ஐ எடுத்துவிட்டு இலங்கைக்கான 94 சேருங்கள். இல்லாவிட்டால் அழுத்துபவருக்கு உங்கள் எண் திறக்காது.

இன்னொன்று, கூகுள் வரைபடத்தில் விடுதியைப் பதிந்துவிட்டீர்களா? அது இலவசம், தளம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தளம் வந்ததும் அதன் முகவரியை அங்கேயே சேர்த்துவிடலாம்.