அயோவாவில் பழைய பெரிய டிராக்டர் வாங்கிச் சீரமைக்க விரும்பும் தம்பிக்கு

தம்பி, வேலை நிமித்தமாக அயோவாவிற்கு வந்து, நகரத்திற்கு வெளியே கொட்டகையுடன் கூடிய ஒரு வீட்டை வாங்கியிருப்பதாகவும், 100 குதிரைத்திறன் அளவிலான பழைய டிராக்டர் ஒன்றை ஓய்வு நேரத்தில் பிரித்துச் சீரமைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை என்றும் எழுதி, எந்த மாடலை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இங்கு குடியேறிய காலம் முதல் இதே பொழுதுபோக்கில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாடலின் பெயரைக் காட்டிலும் முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் தேய்ந்துபோன டிராக்டரைத் துணிந்து வாங்கலாம். கியர்பாக்ஸும், ஆயில் அழுத்தத்தால் பாரம் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பும் கெட்டுப்போன டிராக்டரை, அதன் பெயிண்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வாங்கக் கூடாது. பெருமளவில் விற்பனையான மாடல்களுக்குப் பிஸ்டன், லைனர், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் ஒரே தொகுப்பாக இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஒரு குளிர்காலத்தில் பொறுமையாக உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை அது. கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் இருக்கும் பின்பகுதி அப்படியல்ல. டிராக்டரை நடுவில் பிளந்து, இரு பாதிகளையும் தாங்கிகளில் நிறுத்தி, விலை கூடிய பல்சக்கரங்களைப் பழைய இரும்புக் கிடங்குகளில் தேடி அலையும் வேலை அது. புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எந்தக் கிடங்கில் என்ன கிடைக்கும் என்ற அறிமுகமும் இன்னும் இருக்காது.

குதிரைத்திறன் என்று இங்கே சொல்வது எதை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் விளம்பரங்களில் போடுவது பெரும்பாலும் எஞ்சினின் திறன். இங்கே பழைய டிராக்டர்களைப் பற்றிப் பேசும்போது பி.டி.ஓ. தண்டில், அதாவது பிற கருவிகளை இயக்க எஞ்சினின் சக்தியை வெளியே தரும் சுழல்தண்டில், அளந்த திறனையே சொல்வார்கள். நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் ஒரு சட்டம் இயற்றி, தன் எல்லைக்குள் விற்கப்படும் டிராக்டர்களைச் சோதிக்க வேண்டும் என்று விதித்தது. லிங்கன் நகரிலுள்ள பல்கலைக்கழகம் 1920 முதல் அந்தச் சோதனைகளை நடத்தி வருகிறது. பி.டி.ஓ. திறன், இழுவிசை, எரிபொருள் செலவு, எடை ஆகிய அனைத்தும் அந்த அறிக்கைகளில் உள்ளன. விற்பவர் சொல்லும் எண்ணை நம்பாமல், நீங்கள் விரும்பும் மாடலின் அறிக்கையை முழுவதும் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

என் முதல் பரிந்துரை ஜான் டீர் 4020. அயோவாவின் வாட்டர்லூவில் 1963 முதல் 1972 வரை ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரானது. டீசல் மாடல் தொடக்கச் சோதனையில் சுமார் 91 குதிரைத்திறன் காட்டியது. நீங்கள் கேட்ட 100க்குச் சற்றுக் குறைவுதான். ஆனாலும் உதிரிபாகமும் கையேடும் அனுபவசாலிகளும் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் பழைய டிராக்டர் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதில் கிளட்சை மிதித்து கியர் மாற்றும் சிங்க்ரோ ரேஞ்ச் கியர்பாக்ஸ் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். கிளட்சை மிதிக்காமல் எட்டு வேகங்களையும் மாற்றித் தரும் பவர் ஷிப்ட் ஓட்டுவதற்கு இனிமையானதுதான். பழுதடைந்தால் அது கைதேர்ந்தவர்களையே சோதிக்கும். 1968 வரையிலான டீசல் மாடல்களில் 24 வோல்ட் மின்னமைப்பு இருந்தது என்பதும், பலர் அதை 12 வோல்ட்டாக மாற்றியிருப்பார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். அரைகுறையாக மாற்றப்பட்ட ஒயரிங் பல தொல்லைகளுக்கு மூலம்.

உண்மையிலேயே 100ஐத் தாண்ட வேண்டும் என்றால் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் 1066ஐப் பாருங்கள். 1971 முதல் 1976 வரை இல்லினாயின் ராக் ஐலண்ட் தொழிற்சாலையில் உருவான இந்த டிராக்டரில், 414 கன அங்குல டர்போ டீசல் எஞ்சின் பி.டி.ஓ.வில் சுமார் 105 குதிரைத்திறன் தரும். அந்த நிறுவனத்தின் வேளாண் பிரிவு 1985இல் கேஸ் நிறுவனத்துடன் இணைந்துவிட்டாலும், அதன் வழிவந்த கடைகளில் பாகங்கள் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது டார்க் ஆம்ப்ளிஃபயர். ஓடும்போதே, கிளட்சை மிதிக்காமல் ஒரு நெம்புகோலை இழுத்து வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் அமைப்பு அது. சுமையோடு ஓட்டிப் பார்த்து, இரு நிலைகளிலும் வழுக்காமல் இழுக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். சோதிக்க விடாத விற்பனையாளரிடம், அது பழுது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

1973 முதல் 1977 வரை வந்த ஜான் டீர் 4430, சுமார் 125 குதிரைத்திறனும் சத்தம் குறைந்த கேபினும் கொண்ட அருமையான டிராக்டர். இன்னும் வயலில் உழைத்துக்கொண்டிருப்பதால் அதன் விலை இறங்குவதில்லை. கேபினைச் சீரமைப்பதும் தனி வேலை என்பதால், அதை இரண்டாவது டிராக்டராக வைத்துக்கொள்ளுங்கள். ஆலிஸ் சால்மர்ஸ் டி21, பார்மால் 1206 போன்றவற்றின் மீது எனக்கும் தீராத காதல் உண்டு. 1965இல் வந்த 1206இன் 112 குதிரைத்திறனை அன்றைய டயர்கள் தாங்கவில்லை. அதற்காகவே வலுவான டயர்களை உருவாக்க வேண்டியிருந்தது என்று இங்குள்ள மூத்த விவசாயிகள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் இவை சேகரிப்பாளர்கள் தேடும் அரிய பொருள்களாகிவிட்டதால், கற்றுக்கொள்ளும் கைக்கு உகந்தவை அல்ல. ஸ்டைகர், வெர்சடைல் போன்ற நான்கு பெரிய சக்கரங்கள் கொண்டு நடுவில் மடங்கும் வண்டிகளைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். உங்கள் கொட்டகைக் கதவு இடம் கொடுக்காது.

டிராக்டரைப் பார்க்கப் போகும் முன், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கிறதோ என்று ஐயப்படலாம். கிளம்பிய பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அங்கிருந்து புகை எவ்வளவு வேகமாக வருகிறது என்று கவனியுங்கள். மெல்லிய ஆவி இயல்பானது. விட்டுவிட்டுப் பீறிடும் புகை, ரிங்கும் லைனரும் தேய்ந்ததைக் காட்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே கலக்கிறது என்று பொருள். பின்னர் ஹைட்ராலிக் கைகளில் பாரத்தைத் தூக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு, அது எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்று பாருங்கள். ஆயில் சூடேறிய பிறகு இதே சோதனையை மீண்டும் செய்யுங்கள், ஏனென்றால் தேய்ந்த பம்ப்பும் சீலும் அப்போதுதான் தம் நிலையைக் காட்டும்.

பலர் பார்க்கத் தவறும் இடம் பின்சக்கர ரிம். இப்பகுதியில் எடைக்காகப் பின் டயர்களுக்குள் தண்ணீரை நிரப்பி, அது குளிரில் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு உப்பைக் கலந்துவிடுவார்கள். டியூபில் சிறு கசிவு ஏற்பட்டால் அந்த உப்புநீர் ரிம்மை உள்ளிருந்து அரித்துத் தின்றுவிடும். வால்வைச் சுற்றியுள்ள இரும்பை விரலால் தடவி, பெயிண்டின் கீழே செதில் செதிலாகப் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ரிம்மும் இரண்டு டயரும் புதிதாக வாங்க நேர்ந்தால் உங்கள் முழுக் கணக்கும் மாறிவிடும்.

எடையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 4020 சுமார் 4 டன், 1066 சுமார் 5 டன். சாதாரண பிக்கப் வண்டியில் இழுத்து வரக்கூடியவை அல்ல இவை. முறையான டிரெய்லர் வைத்திருப்பவருக்கு வாடகை கொடுத்துக் கொண்டுவாருங்கள். நீர் நிரப்பிய பின்சக்கரம் ஒன்றே அரை டன்னுக்கு மேல் இருக்கும் என்பதால், தனியாக நின்று அதைக் கழற்றாதீர்கள். பல பழைய டிராக்டர்களில் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் இருக்காது. ஜான் டீர் அத்தகைய சட்டகத்தை 1966இல் அறிமுகப்படுத்தி, பிற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமையை விட்டுக்கொடுத்தது. உங்கள் மாடலுக்குரியதைத் தேடிப் பொருத்திய பின்னரே சரிவான நிலத்தில் ஓட்டுங்கள். பழைய பெயிண்டில் ஈயமும், பிரேக், கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும். முகக்கவசம் இல்லாமல் தேய்க்கவோ, காற்றடித்துத் தூசியைக் கிளப்பவோ வேண்டாம்.

வாங்கும் முறை காருக்கு உள்ளதைப் போன்றதல்ல. பண்ணை டிராக்டருக்கு இங்கே உரிமைப் பத்திரம் கிடையாது. சீரியல் எண்ணுடன் கூடிய விற்பனை ரசீதுதான் உங்கள் ஆதாரம். ஆகவே தகட்டிலுள்ள எண்ணை நீங்களே படித்து ரசீதில் எழுதச் செய்யுங்கள். டிராக்டரின் பேரில் கடன் நிலுவை பதிவாகியிருக்கிறதா என்பதை மாநிலச் செயலரின் அலுவலகப் பதிவுகளில் விற்பவர் பெயரைக் கொண்டு தேடலாம். ஓய்வுபெறும் விவசாயிகளின் ஏலங்கள் பெரும்பாலும் குளிர்காலத்திலும் விதைப்புக்கு முன்னரும் நடைபெறும். அங்கே உள்ளது உள்ளபடிதான் விற்பார்கள் என்பதால், முந்தைய நாளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

அவசரம் இல்லையென்றால், செப்டம்பர் முதல் திங்களன்று முடியும் ஐந்து நாள் பழைய டிராக்டர் திருவிழாவுக்கு அயோவாவின் மவுண்ட் பிளெசன்ட் ஊருக்குப் போய்வந்த பிறகு முடிவெடுங்கள். டிராக்டருக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் கூச்சப்படாமல் பேச்சுக் கொடுங்கள். 1066ஐப் பிளக்கும்போது எந்த போல்ட் ஒளிந்திருக்கும் என்பதைக்கூட அவர்கள் மனமுவந்து சொல்வார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் யாரிடம் தாங்கிகள் இரவல் கிடைக்கும் என்பதும் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். ஏதேனும் ஒரு வண்டி கண்ணில் பட்டால், சீரியல் எண், ரிம்மின் படம், மூடியைத் திறந்தபோது கண்ட புகை ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.