வாக்குத்தத்த டப்பாவும் மதுரைப் பேருந்தும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் காரைக்குடியில் வசிக்கும் 43 வயதுப் பெண். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். நான் வீட்டிலேயே கைமுறுக்கு, மணகோலம், சீப்புச்சீடை சுட்டுக் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொடுத்து வருகிறேன். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு ஆராதனையையும் வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவையும் நான் தவறவிட்டதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், திருப்பத்தூர் சாலையில் லாரி மோதி என் தம்பி இறந்துபோனான். அவனும் ஜெபிக்காமல் வண்டி எடுக்காதவன். சில மாதங்கள் கழித்து மதுரைப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். குன்றக்குடியிலேயே இறங்கி ஆட்டோவில் வீடு திரும்பினேன். அதன்பின் நான் பேருந்தில் ஏறவில்லை.

இப்போது மகளுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இம்மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும். அவள் ஒவ்வொரு வாரமும் அதே சாலையில் வந்துபோவாள் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (தேவன் தரும் வாக்குறுதியாக ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டை) எடுப்பது போல, வீட்டிலும் ஒரு டப்பா நிறைய வசன அட்டைகள் வைத்திருக்கிறேன். மனம் ஆறும் வரை எடுத்துக்கொண்டே இருப்பேன். ஒரு காலையில் முப்பதுக்கும் மேல் எடுத்துவிட்டேன். வேதத்தில் வரும் கிதியோனும் போருக்குப் போகுமுன் தேவனிடம் அடையாளம் கேட்டவன்தானே என்று என்னையே தேற்றிக்கொள்கிறேன். ஜெபக்குழுவில் மூத்த அக்கா ஒருவர், "பயம் இருக்கிற இடத்தில் விசுவாசம் இல்லை" என்றார். சிறு வயதில் பக்கத்து வீட்டார் என்னை ஓரியூருக்கு அழைத்துப்போய்ச் சிவந்த மண்ணைக் காட்டி, "தலையை வெட்டும்போதும் பயப்படாத சாமி" என்று, போர்ச்சுகலிலிருந்து வந்த குருவான அருளானந்தரைப் பற்றிச் சொன்னது இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பயத்தை விட்டு விசுவாசத்தைத் தேர்ந்துகொள்வது எப்படி? பயம் போகாவிட்டால் நான் விசுவாசிதானா?

இப்படிக்கு,
காரைக்குடி வாசகி

---

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விசுவாசிதான். அந்த அக்கா நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் அவருடைய வாக்கியம் உங்களுக்கு ஒரு பயத்துக்கு மேல் இன்னொரு பயத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது: சாலையைப் பற்றிய பயத்தோடு, பயப்படுகிறேனே என்ற பயம்.

பேருந்தில் உங்களுக்கு நேர்ந்ததைப் பீதித் தாக்கம் என்போம். ஆபத்து வந்துவிட்டதாக உடல் தவறாக மணியடிக்கிறது. இதயம் வேகமெடுக்க, மூச்சு மேலோட்டமாகவும் அடிக்கடியும் வாங்கப்பட, இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் மரத்துப்போகின்றன. இது பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், அதன்பின் தானாகவே தணியும். நீங்கள் குன்றக்குடியில் இறங்கியதால் அது தணிவதைப் பேருந்துக்குள் இருந்து பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கவில்லை. "இறங்கியதால் பிழைத்தேன்" என்று மூளை பாடம் படித்துக்கொண்டது. அதன்பின் பேருந்தைத் தவிர்த்த ஒவ்வொரு நாளும் அந்தப் பாடத்தை உறுதிப்படுத்தியிருக்கிறது. இதில் விசுவாசக் குறைவு எங்கே இருக்கிறது? இது உடலின் வேலை.

அட்டை டப்பா விஷயம் சற்று வேறு. எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சிட்டிகை மாவைக் கிள்ளிப் போடுவீர்கள். மேலே எழும்பினால் முறுக்கைப் பிழிவீர்கள். எழும்பிய பிறகும் நம்பாமல் மறுபடி மறுபடி கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தால் எண்ணெய் புகைந்துபோகும், முறுக்கு மட்டும் சுட்டபாடில்லை. முப்பது அட்டைகள் எடுத்த காலையில் நடந்தது அதுதான். ஓர் அட்டை தரும் நிம்மதி சில நிமிடங்களே நிற்கும், பிறகு அடுத்ததைக் கேட்கும். பயம் இப்படித்தான் தீனி தின்று வளர்கிறது. வசனத்தில் குறையில்லை, அதை நாம் உறுதிச் சீட்டாக ஆக்கிக்கொண்டதில்தான் குறை. கிதியோன் ஆட்டுத்தோலை விரித்து இரண்டு முறை அடையாளம் கேட்டான் என்பது உண்மை. ஆனால் இரண்டாம் முறைக்குப் பிறகு புறப்பட்டுப் போய்விட்டான். (வேதத்தில் "பயப்படாதே" சரியாக 365 முறை வருகிறது என்று பிரசங்கங்களில் சொல்வார்கள், எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்தச் சொல் பெரும்பாலும் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவர்களிடம், மந்தையைக் காத்திருந்த மேய்ப்பர்களைப் போன்றவர்களிடம், ஆறுதலாகச் சொல்லப்படுகிறது என்பதே. அதைக் குற்றச்சாட்டாக மாற்றியது நாம்தான்.)

உங்கள் கடிதத்தில் நான் நெடுநேரம் நின்ற இடம், தம்பியும் ஜெபித்தே வண்டி எடுப்பான் என்ற வரி. நீங்கள் டப்பாவில் தேடுவது, மகளுக்கு ஒன்றும் ஆகாது என்ற உத்தரவாதம். ஜெபித்தவனுக்கும் விபத்து நேர்ந்ததைக் கண்ணால் கண்டபின், எந்த அட்டையும் அதை உங்களுக்குத் தர முடியாது என்பது உங்கள் மனத்துக்குத் தெரியும். அதனால்தான் ஓர் அட்டையும் போதவில்லை. வேதத்தின் தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளையின் முன் நின்ற மூவரும், தேவன் தங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, விடுவிக்காமற்போனாலும் தங்கள் முடிவு மாறாது என்றும் சொல்கிறார்கள். நான் அறிந்த வரையில் விசுவாசம் என்பது அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. தம்பிக்காக நீங்கள் போதிய அளவு அழுதீர்களா என்பதையும் கேட்க விரும்புகிறேன். "ஆண்டவரிடம் போய்விட்டான்" என்று பிறர் தேற்றும்போது, அழுவதே விசுவாசக் குறைவோ என்று பலர் அழுகையை அடக்கிவிடுகிறார்கள். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அழுதார்.

ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் வெட்டப்பட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1686இல், அவர் இதே மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதை பட்டிருந்தார். ஐரோப்பா போய்விட்டு, என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தே திரும்பி வந்தார். அவருடைய நெஞ்சு துடித்ததா என்று கேட்பதைவிட, அவருடைய கால்கள் எந்தப் பக்கம் நடந்தன என்று கேட்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உங்களுக்கு அவரைவிட நெருக்கமானவர், மாற்கு 9ஆம் அதிகாரத்தில் நோயுற்ற மகனை அழைத்துவரும் தகப்பன். "விசுவாசிக்கிறேன்" என்றும், "என் அவிசுவாசம் நீங்க உதவும்" என்றும் ஒரே மூச்சில் அழுதுகொண்டே சொல்கிறார். முழு விசுவாசத்தோடு திரும்பி வா என்று அவரை யாரும் அனுப்பிவிடவில்லை. பிள்ளை அன்றே குணமானான்.

இனிச் செய்ய வேண்டியவை. முதலில் ஒரு பொது மருத்துவரிடம் காட்டி இரத்தசோகை, தைராய்டு, இதயம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இதே படபடப்பு அவற்றாலும் வரலாம். பிறகு சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பேச்சுவழிச் சிகிச்சை இதற்கு நன்றாகக் கைகொடுக்கும். மருந்து தேவைப்பட்டால், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால் பொறுமையாக இருங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் மூக்குக்கண்ணாடி போடுகிறாரா என்று பாருங்கள்.

மருத்துவர் ஒப்புக்கொண்டபின் பயணத்தைச் சிறிதாகத் தொடங்குங்கள். முதலில் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். அடுத்து குன்றக்குடி வரை, பிறகு திருப்பத்தூர், பிறகு மேலூர். ஒவ்வொன்றையும் சலிப்புத் தட்டும் வரை திரும்பத் திரும்பச் செய்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். புறப்படும்போது வாசலில் ஒரே ஒரு ஜெபம், வழியில் அட்டையும் வேண்டாம், "ஒன்றும் ஆகாதே?" என்று யாருக்கும் தொலைபேசியும் வேண்டாம். படபடப்பு வந்தால் இறங்காமல், ஆர்டர் எழுதும் நோட்டில் அது தொடங்கிய நேரத்தையும் தணிந்த நேரத்தையும் குறியுங்கள்.

மகளின் படிப்பை இதற்காகக் காக்கவைக்காதீர்கள். உங்கள் பயம் போன பிறகுதான் அவள் போகலாம் என்றால், அவள் வாழ்க்கையையும் அந்த டப்பாவுக்குள் போட்டு மூடியதாகிவிடும். பணத்தைக் கட்டுங்கள். டப்பாவை அவளிடம் கொடுத்து, விடுதிக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். திருப்பத்தூர் வரை போய்வந்த அன்று எனக்கு எழுதுங்கள், நோட்டில் குறித்த நேரங்களோடு.

அன்புடன்,
ஆலோசகர்