ஆபீஸ் கிளீனிங் காண்ட்ராக்ட்: காரைக்குடிப் பக்கம் தொடங்க நினைப்பவர்கள் கேட்டவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆடிட்டர் ஆபீஸ், ஸ்கேன் சென்டர், நிதி நிறுவனம் என்று சுத்தம் செய்யும் காண்ட்ராக்ட் எடுத்து நடத்தி வருகிறேன். இந்தத் தொழிலில் இறங்க விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, தொடங்க எவ்வளவு முதல் வேண்டும்? மெஷின் எல்லாம் வாங்கணுமா? (தேவகோட்டை)

மெஷினுக்கு இப்போது பணம் போடாதீர்கள் தம்பி. தரை தேய்க்கும் மெஷின் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். முதலில் வேண்டியது நல்ல தண்ணீருக்கு ஒன்று, அழுக்குத் தண்ணீருக்கு ஒன்று என இரண்டு வாளியோடு மாப், கண்ணாடி வைப்பர், ஒட்டடைக்கம்பு, மடக்கு ஏணி, ரப்பர் கையுறை, நிறைய மைக்ரோஃபைபர் துணி. துணியை நிறம் பிரித்து வாங்குங்கள். கழிவறைக்குச் சிவப்பு என்றால் அந்தச் சிவப்பு மேசைப் பக்கம் வரவே கூடாது. கடன் தேவைப்பட்டால் மத்திய அரசின் முத்ரா தொழில் கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஜாமீன் சொத்து இல்லாமல் கேட்கலாம். முதல் காண்ட்ராக்டுக்கு அது போதும்.

சதுர அடிக்கு என்ன ரேட் போடுவது? பக்கத்தில் ஒருவர் ரொம்பக் குறைத்துக் கேட்கிறார். (காரைக்குடி, செக்காலை ரோடு)

சதுர அடியிலிருந்து தொடங்காதீர்கள், ஆள் நேரத்திலிருந்து தொடங்குங்கள். உதாரணத்துக்கு 1,500 சதுர அடி ஆபீஸ், ஒரு ஆளுக்கு தினம் 2 மணி நேர வேலை, மாதம் 26 நாள். மொத்தம் 52 மணி. மணிக்கு 80 ரூபாய் என்று வைத்தால் கூலி மட்டும் 4,160. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்கும் முதலாளி பங்கு சேர்ந்து ஏறக்குறைய 16 சதவீதம், அது 670 போல ஆகும். சாமான், சுத்தம் செய்யும் மருந்து 600. லீவு போட்டால் மாற்று ஆள், பெட்ரோல் எல்லாம் 500. கிட்டத்தட்ட 5,930 ஆகிவிட்டது. இதற்கு மேல்தான் உங்கள் பங்கு. 7,000 கேட்டால்தான் கட்டுபடியாகும்.

பக்கத்து ஆள் 4,500-க்கு ஒத்துக்கொள்கிறார் என்றால் அந்தக் குறைச்சல் கூட்டிப் பெருக்கும் பெண்ணின் சம்பளத்திலிருந்துதான் வருகிறது. வேறு எங்கிருந்தும் வர வழியில்லை. அந்த வேலை கைவிட்டுப் போனால் போகட்டும். 80 என்பது கணக்குக்குச் சொன்ன எண். அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். அதில் அகவிலைப்படி வருஷா வருஷம் ஏப்ரல் 1-ல் மாறும். அதனால் 'கூலி உயர்ந்தால் ரேட்டும் உயரும்' என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது வருஷம் கையைக் கடிக்கும்.

பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டை ஆபீஸ் ஆக்கியிருக்கிறார்கள். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். கறை போக ஆசிட் போடலாமா?

கூடவே கூடாது! ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடிமேல் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வந்தது, மேலே காப்பாக எந்தப் பூச்சும் கிடையாது. ஆசிட் பட்டால் சிமெண்ட் நுரைத்து அரித்துவிடும். பிறகு விரலால் தடவினாலே அந்த இடம் சொரசொரப்பாக இருக்கும், பூ வேலை வெளுத்துப்போகும். எலுமிச்சைப் புளிப்பு உள்ள கிளீனர், வினிகர் எல்லாம் இதே வகைதான். பளிங்குக்கும் ஆகாது.

மணல் துகள் போகக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் துடைக்கும்போது அதுவே கீறும். பிறகு வெறும் தண்ணீரில் காரம், புளிப்பு இல்லாத சோப்புக் கரைசல் கொஞ்சம் விட்டு, நன்றாகப் பிழிந்த மாப்பால் துடையுங்கள். வீடுகளில் பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். ஆள் நடமாட்டம் உள்ள ஆபீஸில் வேண்டாம், வழுக்கும். சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கும் தேக்குத் தூணுக்கும் உலர்ந்த துணி மட்டும். இந்த வீடுகளைக் கட்டிய மாதிரி இனி ஒருவர் கட்டப்போவதில்லை. தெரியாத மருந்தை முதலில் கதவிடுக்கில் ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள்.

கழிவறைக்கு ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் வெளுக்குமாமே? (கோட்டையூர்)

அந்த இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய கழிவறையில் மூச்சையே அடைக்கும், உயிருக்கே ஆபத்து. ஆட்களுக்கு முதல் நாள் சொல்லவேண்டியதே இதுதான். மருந்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவும் விடாதீர்கள்.

ஜிஎஸ்டி, பதிவு எல்லாம் உடனே வேண்டுமா? (புதுவயல்)

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. அது இலவசம், ஆன்லைனில் நீங்களே செய்யலாம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி கட்டாயம். சுத்தப் பணிக்கு 18 சதவீதம். பத்து ஆள் ஆனால் இஎஸ்ஐ, இருபது ஆனால் பிஎஃப்.

மூன்று மாதமாகப் பில் பாஸ் ஆகவில்லை அக்கா. என்ன செய்ய? (காரைக்குடி)

உத்யம் பதிவு இங்கேதான் கைகொடுக்கும். குறு, சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தத்தில் அதிக நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது சட்டம். பில்லின் கீழே உத்யம் எண்ணைப் போட்டு, இந்த 45 நாளையும் ஒரு வரியில் எழுதி, மறுபடி அனுப்புங்கள். டிடிஎஸ் (பில் தொகையில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் அது நஷ்டம் இல்லை, கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடாகும். இரண்டு மாதச் சம்பளம் கையில் இல்லாமல் அடுத்த காண்ட்ராக்ட் எடுக்காதீர்கள். ஆபீஸ் பணம் தரவில்லை என்ற காரணம் வேலை செய்த பெண்ணிடம் செல்லாது.

செப்டிக் டேங்கும் சேர்த்துச் செய்து தரச் சொல்கிறார்கள். நல்ல பணம். (தேவகோட்டை)

ஆளை இறக்குவது 2013-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்று சொல்லுங்கள். உரிமம் பெற்ற லாரியை அவர்களே கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

ஆட்கள் நிற்கவே மாட்டேன் என்கிறார்கள். 'கூட்டுற வேலைதானே' என்று ஊரில் பேசுவதும் ஒரு காரணம். (கானாடுகாத்தான்)

அம்மா, ஆள் நிற்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. சம்பளம் தேதி தவறக் கூடாது. கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வேலை நேரம் வையுங்கள். கழிவறை கழுவும் பெண்ணுக்கு அதே ஆபீஸில் கழிவறை போகவும், உட்கார்ந்து டீ குடிக்கவும் இடம் உண்டா என்று ஒப்பந்தம் போடும்போதே கேளுங்கள். நான் கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. 'ஏய்' என்று கூப்பிடும் இடத்தில் மேனேஜரிடம் நேரே போய்ப் பேசுங்கள். மாசி பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கும் நாளில் யாரும் வரமாட்டார்கள். அது தெரிந்ததுதானே? முதல் நாள் சாயங்காலமே ஆபீஸைத் துடைத்து முடித்துவிட்டு லீவு கொடுங்கள்.

காலையில் ஆபீஸ் திறக்கும் முன்பே செய்யச் சொல்கிறார்கள். சாவி வாங்கலாமா? (காரைக்குடி, கழனிவாசல்)

வாங்கலாம். நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒருவரைத் தனியாக அனுப்பாதீர்கள், இருவராகப் போகட்டும். மேசை மேல் உள்ள கோப்பை நகர்த்தினால் அதே இடத்தில் வைக்கவேண்டும். தரையில் கிடக்கும் தாளைக்கூடக் குப்பையில் போடாமல் எடுத்து மேசை மேல் வைக்கச் சொல்லுங்கள். ஆடிட்டர் ஆபீஸில் செப்டம்பர் மாதம் தரையெல்லாம் பில்லாகத்தான் கிடக்கும்.