மணி வாங்குமுன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டில் மணிமாலை கோக்கத் தொடங்கியிருக்கிறேன். மீன்பிடிக்கும் தங்கூசியில், அதுதான் அந்த நைலோன் நூலில், கோத்தால் என்ன? மலிவாகக் கிடைக்கிறது.
*ஆரையம்பதி வாசகி*

பதில்: வேண்டாம். வெயில் பட்டால் தங்கூசி நாளடைவில் இறுகி முறியும், முடிச்சும் வழுக்கிக் கழலும். அதே கடையில் பின்னிய தூண்டில் நூல் இருக்கிறதா என்று கேளுங்கள். அது உழைக்கும்.

கேள்வி: முகநூலில் படம் பார்த்து அரைக் கிலோ சிறுமணி எடுத்தேன். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பலவற்றில் துளை அடைபட்டிருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா?
*களுவாஞ்சிக்குடி வாசகி*

பதில்: எத்தனையாம் இலக்க மணி என்று கேட்டு வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிறுமணியில் இலக்கம் கூடக்கூட மணி சிறுக்கும். 6 என்றால் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர், 8 என்றால் 3, 11 என்றால் 2. பதினோராம் இலக்கத்தில் ஒரு கிராமுக்கு நூறு மணிக்கு மேல் வரும். 16 அங்குல ஒற்றைச்சர மாலைக்கு 3 கிராம் போதும். கணக்குப் பார்த்தால் அரைக் கிலோவில் நூற்றைம்பது மாலைக்கு மேல் கோக்கலாம். பழகத் தொடங்கும் ஒருவருக்கு இவ்வளவு எதற்கு? நிறத்துக்குப் பத்து கிராம் வாங்கி, ஊசி ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை எடுத்திருக்கலாம். மியூக்கி, டோஹோ போன்ற ஜப்பான் மணிகள் ஒரே அளவாக இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். ‘ஒரே அளவு’ என்று விற்பவர் எழுதியிருந்தால் அதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள். எழுதவில்லை என்றால் உட்கார்ந்து தரம் பிரிப்பதுதான் வழி.

கேள்வி: நான் செய்து கொடுத்த சிவப்பு மாலை, கலியாண வீட்டில் ஒருவரின் வெள்ளைச் சேலையில் சாயம் விட்டுவிட்டது. வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி மணி சாயம் விடுமா?
*கல்முனை வாசகி*

பதில்: நிறம் கண்ணாடியோடு சேர்ந்து உருகியிருந்தால் விடாது. மேலே பூசிய சாயமோ துளைக்குள் தடவிய சாயமோ என்றால் வியர்வையில் இறங்கும், வெயிலில் வெளிறும். எனக்கும் இது நடந்திருக்கிறது. கொழும்புக் கடையொன்றில் ‘அசல் நிறம்’ என்று சொல்லித் தந்த இளஞ்சிவப்பு மணி, கச்சான் காற்று அடித்த ஒரு நாளில் என் சட்டைக் கழுத்தைக் கெடுத்தது. பில் கேட்டபோது, இந்தச் சின்னச் சாமானுக்கா என்று கடைக்காரர் கையை விரித்திருந்தார். சின்னச் சாமானுக்கும் உண்டு. வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது.

இனி ஒவ்வொரு பொதியிலும் நாலைந்து மணியை நகப்பூச்சு நீக்கியில் ஓர் இரவு ஊறவிடுங்கள். இன்னும் சிலவற்றை ஈரமான வெள்ளைத் துணியில் தேயுங்கள். சாயம் இறங்கினால் அந்தப் பொதியை விற்பனைக்குத் தொடவேண்டாம். வெட்கப்பட வேண்டியவர் உங்களுக்கு விற்றவர்.

கேள்வி: ‘வீட்டிலிருந்தே மணிமாலை செய்து உழையுங்கள், செய்வதை நாங்களே வாங்குவோம்’ என்ற விளம்பரம் பார்த்து 12,500 ரூபா கட்டி மணிகோக்கும் சாமான் பெட்டி எடுத்தேன். அனுப்பிய மாலைகள் எல்லாவற்றையும் ‘தரம் போதாது’ என்று ஒதுக்கிவிட்டார்கள். இப்போது பயிற்சிக்கு என்று 5,000 கேட்கிறார்கள். என் கைவேலையில்தான் பிழையா?
*வாழைச்சேனை வாசகி*

பதில்: இல்லை மகள். அந்த 5,000ஐக் கட்டவே கட்டாதீர்கள்.

இந்த ஆட்களின் வருமானம் மாலையில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. உங்கள் மாலையை வாங்கி விற்க அவர்களிடம் கடையும் இல்லை, வாடிக்கையும் இல்லை. அதனால் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் ‘தரம் போதாது’ என்ற பதில் முன்கூட்டியே தயாராக இருக்கும். எது தரம் என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள், தரமாட்டார்கள். ஒதுக்கிய மாலையைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பாருங்கள், கூரியர் காசு கேட்பார்கள். பிறகு பயிற்சி, அதற்குப் பிறகு அடையாள அட்டை, பிறகு ‘உயர்தரப் பெட்டி’.

கைப்பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகமுடியாதவள், புருஷன் கடலிலோ வெளிநாட்டிலோ இருப்பவள், குழுக்கடன் தவணையை நினைத்து நித்திரை கெட்டவள், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான் இந்த விளம்பரம் எழுதப்படுகிறது. காதில் கிடந்ததை அடகு வைத்துக் கட்டியவர்களும் எனக்கு எழுதியிருக்கிறார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

கூலிவேலை தருபவர் சாமானைத் தன் செலவில் தருவார். நிறுத்துக் கொடுத்து, நிறுத்து வாங்கி, உருப்படிக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பார். கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் கூலிக்கு நெய்யும் ஒருவரிடம், நூல் தருபவர் முதலில் உங்களிடம் காசு கேட்பாரா என்று விசாரித்துப் பாருங்கள். வேலைக்காகக் காசு கேட்பவர் வேலை தருபவர் அல்ல. பெட்டி விற்பவர்.

இனிச் செய்யவேண்டியது: விளம்பரம், வட்ஸ்அப் உரையாடல், காசு கட்டிய சிட்டை, கூரியர் துண்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போகவேண்டும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். தொலைபேசி இலக்கம் 1977. ஏமாற்றிக் காசு வாங்கியது குற்றம் என்பதால் பொலிசிலும் பதியுங்கள். பெட்டியில் மிஞ்சிய மணி உங்களுடையது. அதில் கோத்து அக்கம்பக்கத்தில் விற்கலாம், எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

கேள்வி: மணித்தோடு போட்டதும் காது சிவந்து சொறிகிறது. மணியா காரணம்?
*கல்லடி வாசகி*

பதில்: அநேகமாகக் கொக்கிதான். மலிவான கொக்கியில் நிக்கல் இருக்கும். தங்கமுலாம் தேய்ந்ததும் அது தோலில் படும். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் போகாது. கொக்கியை மட்டும் கழற்றி டைட்டேனியத்திலோ 925 வெள்ளியிலோ மாற்றுங்கள். நீர் வடிந்தால் முதலில் வைத்தியரிடம் போங்கள், தோடு பிறகு பார்க்கலாம்.

கேள்வி: மணிமாலைக்கு 1,800 சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சந்தையில் 400க்குத் தொங்குகிறதே?
*அக்கரைப்பற்று வாசகர்*

பதில்: அப்படியென்றால் சந்தையில் வாங்குங்கள். அக்காவிடம் போய் 400க்குக் கேட்காதீர்கள்.

கேள்வி: எலாஸ்டிக் காப்பு ஒரு மாதத்தில் அறுகிறது. நல்ல நூல் எது?
*சம்மாந்துறை வாசகி*

பதில்: 0.8 மில்லிமீற்றர் எடுங்கள். கோக்குமுன் நாலைந்து தரம் நன்றாக இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு தொய்யும். முடிச்சில் நூலை இரண்டு தரம் சுற்றி இறுக்கி, ஒரு சொட்டுப் பசை வைத்து, முடிச்சை மணித் துளைக்குள் இழுத்து மறையுங்கள். துளை விளிம்பு கூராக இருந்தால் எந்த நூலும் அறும், அந்த மணியைக் கழித்துவிடுங்கள்.