பழைய நார்னியா தொடரில் சிங்கம் ஏன் பொம்மை போல அசைகிறது?

சுங்கை சிப்புட்டில் உங்கள் பிள்ளைகள் சிங்கத்தைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றும், அது ஏன் அப்படி அசைகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது பொம்மையேதான். சி. எஸ். லூயிசின் 1950ஆம் ஆண்டு நார்னியா நாவலை பிபிசி தொடராக்கியது 1988இல். கணினியில் சிங்கம் செய்வது அன்று தொலைக்காட்சிக்குக் கட்டுப்படியாகாத கனவு. எனவே, நம் மலேசியச் சீனப் புத்தாண்டுச் சிங்க ஆட்டம் போல, பெரிய பொம்மைக்குள் இருவர் புகுந்து நடந்தார்கள். குரல் ரொனால்ட் பிக்கப் என்ற நடிகருடையது. சில மாய உயிரினங்களோ கையால் வரைந்த சித்திரங்கள். அவை இன்று சுமார்தான், மறைப்பானேன்! ஆனால் கதையில் வரும் சிறுமிகள் சிங்கத்தின் பிடரியைத் தொடும்போது விரல்கள் உண்மையாகவே மயிருக்குள் புதைகின்றன. அந்த இடத்தில் எங்கள் தோட்டத்து வாண்டுகள் மைலோ பானத்தைக்கூட மறந்துவிட்டார்கள். முதல் கதை ஆறே பகுதிகள்; பள்ளி விடுமுறையில் முடித்துவிடலாம்.