ஜிகினாப் பால் குடித்த குழந்தை: லேபிளில் என்ன எழுதியிருக்கிறது?

பிறந்தநாளுக்கு ஜிகினாப் பால் குடித்த மகளின் மலம் மறுநாள் காலை மின்னியதைப் பற்றிக் கடிதத்தில் முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஸ்ட்ராபெரிப் பாலில் நீங்கள் கலந்த அந்த மினுமினுப்புத் தூளின் புட்டியைப் பற்றி ஒரே வரி: “நச்சற்றது என்றுதான் போட்டிருக்கிறது டாக்டர்.” எனக்கு வேண்டியது அந்த வரிதான்.

மலம் மின்னியதற்குப் பயப்பட வேண்டாம். உள்ளே போனது வெளியே வந்துவிட்டது, அவ்வளவே. உண்பதற்கென்றே தயாராகும் மினுமினுப்புத் தூளில் பெரும்பாலும் பளபளப்பது மைக்கா, அதாவது அப்பிரகம். அதன் மெல்லிய செதில்கள்மேல் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ பூசியிருப்பார்கள். அது செரிப்பதில்லை, வந்த வழியே போய்விடும். நாக்கு சிவந்தது சாயத்தால். டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவுப் பொருள்களிலிருந்து விலக்கியது உண்மை. மரபணுவைப் பாதிக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் எடுத்த முடிவு அது. பிறந்தநாளில் ஒரு தம்ளர் குடித்த ஏழு வயதுக் குழந்தைக்குப் புற்றுநோய் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஸ்கேனும் வேண்டாம். நள்ளிரவில் கைபேசியில் படித்த ‘மூளைக்குப் போகும் பிளாஸ்டிக்’ கதையும் வேண்டாம்.

இப்போது புட்டிக்கு வருவோம். நச்சற்றது என்பது வேறு, உண்ணத் தக்கது என்பது வேறு. பள்ளிக் குழந்தைகளின் பசைப் புட்டியிலும் நச்சற்றது என்றுதான் இருக்கும். அதை யாரும் கரண்டியில் எடுத்து ஊட்டுவதில்லை. உண்ணும் தூள் என்றால் லேபிளில் உட்பொருள் பட்டியல் இருக்க வேண்டும்: சர்க்கரை, பிசின், சோளமாவு, மைக்கா, நிறமிகள் என்று. பட்டியல் இல்லாமல் ‘நச்சற்றது’ என்றோ ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்றோ இருந்தால், சாப்பிடும்முன் எடுத்துவிட வேண்டிய பொம்மைக்கும் பூவுக்கும் பூசுகிற தூள் அது. அவற்றில் சில பொடித்த உலோகம்.

மிகைப்படுத்தவில்லை. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டன. கேக்கில் தடவியிருந்த இளஞ்சிவப்புத் தங்க நிறத் தூள் பெரும்பாலும் செம்புப் பொடி. மறு ஆண்டு மிசோரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. காரணத்தைத் தேடிப் போனால், பிறந்தநாள் கேக்கை அலங்கரித்த மஞ்சள் தூளில் கால் பங்கு ஈயம்.

நீங்கள் கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்றுதான்: குடித்த அரை மணியிலிருந்து பத்து மணி நேரத்துக்குள், யாரும் வரவழைக்காமல், திரும்பத் திரும்ப வரும் வாந்தி. வாயில் காசைச் சப்பியதுபோல உலோகச் சுவை என்று குழந்தை சொன்னாலோ, வாந்தியில் நீலப்பச்சை தெரிந்தாலோ, குடித்தவர்களில் இன்னொருவருக்கும் அப்படியே வந்தாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கையில் புட்டியோடு. அது இல்லாவிட்டால் பணியிலிருக்கும் மருத்துவர் இருட்டில்தான் தேட வேண்டும்.

உங்கள் மகள் வாந்தி எடுத்தது ஒரே முறை, அதுவும் நீங்கள் உப்புத் தண்ணீர் கொடுத்த பிறகு. ஜிகினாவைவிட அந்த உப்புத் தண்ணீர்தான் என்னைப் பதறவைத்தது. வாந்தி வராமல் அது உள்ளேயே தங்கியிருந்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புவரை போகும். அதனால் இறந்தவர்கள் உண்டு. அதன்மேல் நஞ்சை உறிஞ்சட்டும் என்று கரி மாத்திரை வேறு. ஈயத்தையும் செம்பையும் கரி பிடித்துவைப்பதில்லை. காந்தத்தை வைத்துச் சோதித்தேன், தூள் ஒட்டவில்லை, ஆகவே உலோகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். செம்பும் ஈயமும் எந்தக் காந்தத்திலும் ஒட்டாதே! இதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த காணொளிக்காரர் பள்ளிப் பாடத்தை ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

இன்னொன்று. பால் ஒளி ஊடுருவாத திரவம். தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால் தம்ளர் முழுதும் சுழன்று மின்னும். பாலில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே போனாலே மறைந்துவிடும். ‘போதவில்லை’ என்று தோன்றி இன்னும் தட்டுவோம். நீங்களும் மூன்று முறை தட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். தம்ளரைக் கொஞ்ச நேரம் வைத்தால் செதில்கள் அடியில் படியும். கடைசி வாயில் சேறுபோல வருவது அதுதான். உண்ணத் தக்க தூளானாலும் சிட்டிகைக்கு மேல் வேண்டாம். குழந்தையின் முகத்துக்கு அருகில் புட்டியைத் தட்டவும் வேண்டாம். உலர்ந்த தூள் மூச்சோடு நுரையீரலுக்குப் போனால் அது வேறு தலைவலி.

புட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பட்டியலும் ‘உண்ணத் தக்கது’ என்ற சொல்லும் அதில் இருந்தால் இத்தோடு விட்டுவிடலாம். இல்லையென்றால் குழந்தைகள் மருத்துவரிடம் அதைக் காட்டி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். ஈயம் வாந்தி எடுக்கவைக்காமலும் உள்ளே இருக்கும். குழந்தை ஓடியாடுகிறாள் என்பது அதற்குப் பதில் ஆகாது. அன்று அதே பாலைக் குடித்த மற்ற ஏழு குழந்தைகளின் பெற்றோரையும் இன்றே அழைத்துவிடுங்கள். சங்கடமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இருக்கட்டும்.